பைதான் ஷெல்லில் அப்பாவின் குறிப்பு: கோப்பு திறக்கிறது, வாசிக்க மறுக்கிறது

திருக்கடலூர் மகள் எழுதியது:

வணக்கம். நான் முன்பள்ளியில் கற்பிப்பவள். கணினி எனக்குத் தொழில் இல்லை. கேள்வி சிறியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா திருக்கடலூரில் வள்ளம் வைத்திருந்தவர். நாளுக்கு ஒரு வரி வீதம் சீஆர் கொப்பியில் எழுதிவைப்பார்: காற்று, வலையா தூண்டிலா, பட்ட மீன், கிடைத்த விலை. கடலுக்குப் போகாத நாளிலும் கொப்பியை விரித்து "போகவில்லை" என்று ஒரு சொல் எழுதிவிட்டுத்தான் படுப்பார். பழைய கொப்பிகளை 2004 மார்கழி (டிசம்பர்) 26ஆம் திகதி கடல் கொண்டுபோய்விட்டது. மறு மாதமே புதுக் கொப்பி வாங்கினார். 2005 தையிலிருந்து (ஜனவரி) 2011 வரைக்குமானவை இப்போது என்னிடம் இருக்கின்றன. தாள் பொடிந்துகொண்டு வருகிறது. ஆகவே ஒவ்வொரு மாதமாக நோட்பேடில் தட்டச்சு செய்து சேமிக்கிறேன். மை நன்றாகத் தெரிவதால் 2011ஐ முதலில் எடுத்தேன்.

அண்ணன் மகன் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். பழைய விண்டோஸ் 7 மடிக்கணினியில் அவன் பைதான் 3.8 என்ற நிரல் மொழியை நிறுவித் தந்தான். "மாமி, கோப்பை இதில் ஏற்றிவிட்டால் அப்பப்பா எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை என்று ஒரே கட்டளையில் எண்ணிவிடலாம்" என்றான். இப்போது அவனுக்குப் பரீட்சை. தொந்தரவு செய்ய மனமில்லை.

டி டிரைவில் ஆங்கில எழுத்தில் "அப்பா" என்று ஒரு கோப்புறை, அதற்குள் "தை" என்ற உரைக் கோப்பு. முதல் வரி "திருகோணமலை, 2011 தை". அதன் கீழ் 31 வரிகள். பைதானோடு வரும் ஐடிலைத் திறந்து, கட்டளை தட்டும் ஷெல் சாளரத்தில் ஓபன் கட்டளையைக் கொடுத்தேன். எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. திறந்துவிட்டது என்று மகிழ்ந்து ரீட் கொடுத்தேன். உடனே சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி: 14ஆம் இடத்தில் 81 என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை, அதற்கு எழுத்தே இல்லை என்கிறது. நான் 81 என்று எங்கும் தட்டவில்லை. முதல் வரியில் 14ஆவது எழுத்தை விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். அங்கே பிழை எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கோப்பின் பாதையில் முதலில் பின்சாய்கோடு போட்டபோது, அந்தப் பாதையே செல்லாது என்றது. மருமகன் அதை முன்சாய்கோடாக மாற்றினான், திறந்தது. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அப்பா எழுதியதை அவர் எழுதிய மாதிரி வரி வரியாகத் திரையில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மூதூர்க் கரை எழுதியது:

அக்கா, இது எனக்கும் நடந்தது. எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பெயர்ப் பட்டியல் "மூதூர்" என்று தொடங்கும். எனக்கு 17ஆம் இடத்தில் 8டி என்று வந்தது. ஓபன் கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பிறகு காற்புள்ளி போட்டு, என்கோடிங் என்பதற்குச் சமனாக யூடிஎஃப்-8 என்று மேற்கோளுக்குள் கொடுங்கள். திறந்துவிடும். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

திருக்கடலூர் மகள் எழுதியது:

தம்பி, மிக்க நன்றி. பிழை போய்விட்டது. அப்பாவின் சொற்கள் வந்துவிட்டன. ஆனால் வந்த கோலத்தைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. 31 நாளும் ஒரே நீள வரியாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஒரு பின்சாய்கோடும் "என்" என்ற ஆங்கில எழுத்தும். தொடக்கத்தில் மேற்கோள் குறி, அதை ஒட்டி பின்சாய்கோடு, யூ, எஃப், இ, எஃப், எஃப். இவற்றில் ஒன்றையும் நான் தட்டச்சு செய்யவில்லை.

சரியாகப் பார்ப்போம் என்று திரும்பவும் ரீட் கொடுத்தேன். இரண்டு மேற்கோள் குறிகள் மட்டும் வந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. கோப்பு அழிந்துவிட்டதோ என்று நெஞ்சு பதைத்து நோட்பேடில் திறந்து பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. ஷெல்லில் மட்டும் ஏன் இல்லை?

உவர்மலை ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி, கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரீட் கட்டளை கோப்பை வாசிக்க மட்டுமே செய்யும், அழிக்காது.

நான் பல வருடம் உயர்தர மாணவருக்கு இந்தப் பாடம் சொல்லிக்கொடுத்தவன். உங்கள் பிழைச் செய்தியில் இருக்கும் 14 என்ற எண்ணைப் பார்த்ததும் ஆறுதலாக விளக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒரு எண்ணில் உங்கள் கோப்பைப் பற்றிய பாதிச் செய்தி இருக்கிறது.

கணினியின் வட்டில் இருப்பது எழுத்து இல்லை, எண்கள். அப்படி ஓர் எண்ணைத்தான் பைட் என்பார்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்களாக எழுதப்படுகிறது. "திருகோணமலை" நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பத்துக் குறி: த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று உயிர்க்குறிகளைத் தனியே பிரித்து வைக்கும். ஆக 30 பைட். நீங்கள் விரல் வைத்து எழுத்துகளை எண்ணினீர்கள், பைதான் பைட்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணியது.

இனி 81. பைட்டின் எண்ணைப் பதினாறடி முறையில் எழுதுவார்கள், அதனால்தான் 8டி என்பதுபோல் ஆங்கில எழுத்தும் கலந்து வரும். எந்த முறையில் வாசிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், விண்டோஸில் உங்கள் பதிப்புப் பைதான் கணினியின் பழைய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் ஆங்கில அமைப்புடன் வாங்கும் கணினிகளில் அது பெரும்பாலும் சிபி-1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. 256 இடங்கள் கொண்ட அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன: 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழின் உகரக் குறியுடைய மூன்றாவது பைட் 81. புள்ளியுடையது 8டி. ஏ என்ற எழுத்துக்கு 8எஃப், ஐ என்ற எழுத்துக்கு 90. உங்களுடையது "திரு" என்பதன் உகரத்தில் இடறியது. மூதூர்த் தம்பியுடையது "மூதூர்" என்பதன் கடைசிப் புள்ளியில் இடறியது. புள்ளி இல்லாமல் தமிழில் எத்தனை வரி எழுதிவிட முடியும்?

ஓபன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றால், அது கதவை மட்டும் திறக்கிறது. ரீட் கொடுத்த பிறகுதான் பைட்கள் எழுத்துகளாக மாற்றப்படுகின்றன, இடறலும் அப்போதுதான் வரும். அந்த இடறல் வந்தது நல்லது, தங்கச்சி. அப்பா "மழை" என்றோ "வாடை" என்றோ மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சொற்களில் வெறும் இடத்தில் விழும் பைட் ஒன்றும் இல்லை. பைதான் எதுவும் சொல்லாமல் வாசித்து, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக நிரப்பிக் காட்டியிருக்கும். அதைத் தெரியாமல் திரும்பச் சேமித்துவிட்டால் அதுவே கோப்பாகிவிடும். மாணவர்களின் செயற்றிட்டங்கள் அப்படிப் பாழானதைக் கண்டிருக்கிறேன். பிழைச் செய்தியைக் கண்டு பயப்படாதீர்கள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

இப்போது 14. "மூதூர்" என்பதில் புள்ளிக்கு முன் ஐந்து குறிகள், 15 பைட். புள்ளியின் மூன்றாவது பைட் 17ஆம் இடத்தில் விழ வேண்டும். தம்பிக்கும் 17தான் வந்தது. "திருகோணமலை" என்பதில் உகரக் குறிக்கு முன் மூன்று குறிகள், ஒன்பது பைட். அதன் மூன்றாவது பைட் 11ஆம் இடத்தில் வர வேண்டும். உங்களுக்கு 14 வந்திருக்கிறது. மூன்று பைட் கூடுதல். அந்த மூன்றும் உங்கள் "திருகோணமலை"க்கு முன்னால் நிற்கின்றன. விண்டோஸ் 7இன் நோட்பேட், யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்து சேமிக்கும்போது கோப்பின் தலையில் ஓர் அடையாளக் குறியை வைக்கும். பி.ஓ.எம். என்பார்கள். 2019க்குப் பிந்திய நோட்பேட் அதைத் தானாக வைப்பதில்லை. ஷெல்லில் நீங்கள் கண்ட யூ, எஃப், இ, எஃப், எஃப் அதுவேதான். பார்க்க இடைஞ்சல் என்பதோடு போகாது. முதல் வரி "திருகோணமலை" என்று தொடங்குகிறதா என்று நாளை உங்கள் மருமகன் நிரலில் கேட்டால் இல்லை என்று விடை வரும். அவன் மணிக்கணக்காகத் தேடுவான். என்கோடிங் பெயரை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், அடையாளக் குறியை அது விலக்கிவிடும்.

ஒரே நீள வரியாக வந்ததற்கு வருகிறேன். ஷெல்லில் ஒன்றைச் சொல்லி என்டர் தட்டினால், நிரலுக்குள் அந்த மதிப்பை எப்படி எழுத வேண்டுமோ அந்த வடிவத்தில் அது காட்டும். அதனால்தான் இரு புறமும் மேற்கோள், வரி முறியும் இடமெல்லாம் பின்சாய்கோடும் "என்" எழுத்தும். உரையில் என்ன ஒளிந்திருக்கிறது என்று சோதிக்க அந்தக் காட்சி மிக நல்லது. அடையாளக் குறியை உங்கள் கண்ணில் காட்டியது அதுதானே. வாசிப்பதற்கு பிரிண்ட் வேண்டும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோ, உரை என்ற மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம். பைதான் 3 அதை ஏற்கும்.

கோ = ஓபன்("டி:/அப்பா/தை.டிஎக்ஸ்டி", என்கோடிங்="யூடிஎஃப்-8-சிக்")
உரை = கோ.ரீட்()
கோ.க்ளோஸ்()
பிரிண்ட்(உரை)

இரண்டாம் முறை வெறுமை வந்தது ஏனென்றால், ரீட் கோப்பின் கடைசி வரை போய் அங்கேயே நின்றுவிடும். அடுத்த ரீட் நின்ற இடத்திலிருந்து தொடங்கும். அங்கே வாசிக்க ஒன்றும் இல்லை. மேலே செய்ததுபோல் ஒரு முறை வாசித்து "உரை" என்ற பெயரில் வைத்துக்கொண்டால் எத்தனை தடவையும் பிரிண்ட் செய்யலாம்.

பின்சாய்கோடு விடயம்: மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் அடுத்த எழுத்தும் சேர்ந்து சில இடங்களில் ஒரே குறியாகிவிடும். பின்சாய்கோடும் ஆங்கில ஏயும் சேர்ந்தால் மணியொலிக் குறி. "தை"யை ஆங்கிலத்தில் தொடங்கும் டியோடு சேர்ந்தால் தாவல் இடைவெளி. உங்கள் கோப்புறை ஆங்கிலத்தில் ஏயில் தொடங்குகிறது, கோப்பு டியில் தொடங்குகிறது. இரண்டும் அகப்பட்டுவிட்டன. மருமகன் செய்த முன்சாய்கோடு சரியான வழி. அவனிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், பரீட்சைக்கும் உதவும்.

திருக்கடலூர் மகள் எழுதியது:

ஐயா, வணங்குகிறேன். தை மாதம் முழுவதும் வரி வரியாக வந்தது. அப்பாவின் கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். அந்த வருடத் தையில் கிழக்கில் வெள்ளம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்பா எழுதியிருப்பது இவ்வளவே:

9. மழை. போகவில்லை.
10. மழை. போகவில்லை. கொட்டியாரக்குடா கலங்கல்.
11. மழை. போகவில்லை.

மகாவலி பெருகிக் குடாவில் சேறு கலந்ததைத்தான் "கலங்கல்" என்று எழுதியிருக்கிறார்.

துணிந்து தை, மாசி, பங்குனி மூன்றையும் ஒரே கோப்பாக்கி அதே கட்டளைகளைக் கொடுத்தேன். 93 வரிகள். திரையில் ஒரு வரியும் வரவில்லை. இளமஞ்சள் பெட்டி ஒன்று வந்து, அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வரி எண்ணிக்கையைப் போட்டிருக்கிறது. என்ன பிழை செய்தேன்?

இன்னொரு சங்கடமும் உண்டு. கொழும்பில் இருக்கும் அக்கா 2009ஐத் தட்டச்சு செய்து அனுப்பினார். அதைத் திறந்தால் பிழை இல்லை, ஆனால் ஜே, பி, பெரிய யூ என்று ஆங்கில எழுத்துகளாக ஓடுகின்றன.

கிண்ணியா இளையவன் எழுதியது:

அக்கா, மஞ்சள் பெட்டிக்குள்தான் 93 வரியும் இருக்கின்றன. ஒரே தடவையில் 50 வரியோ அதற்கு மேலோ வந்தால் ஐடில் அதை மடித்து வைக்கும். பெட்டியின் மேல் இரட்டைச் சொடுக்குக் கொடுங்கள், விரியும். மடிக்காமலே வேண்டுமென்றால் வரி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்:

ஃபார் வரி இன் உரை.ஸ்ப்ளிட்லைன்ஸ்():
    பிரிண்ட்(வரி)

இரண்டாவது வரிக்குப் பிறகு வெறும் என்டர் ஒன்று கூடுதலாகத் தட்ட வேண்டும். ஷெல்லுக்கு அதுதான் முடிந்தது என்ற அடையாளம். கோப்பிலிருந்தே நேராக வரி வரியாக எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் நடுவே வெற்று வரி விழும், ஏனென்றால் வரியின் முடிவுக் குறியும் வரும், பிரிண்ட் தன் பங்குக்கு ஒன்றும் போடும். மேலே எழுதியிருப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் அக்கா அனுப்பியது பாமினி எழுத்துருவில் தட்டியது. ஜே, பி, பெரிய யூ என்றால் "திரு". பாமினியில் எழுத்துரு மட்டும்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண்கள். என்கோடிங் பெயரை எப்படி மாற்றினாலும் தமிழ் வராது. இணையத்தில் பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே ஒட்டி மாற்றி எடுத்து, புதிய பெயரில் சேமியுங்கள். மூலத்தை அழித்துவிடாதீர்கள். மாற்றியில் சில இடங்களில் கொம்பும் காலும் பிசகலாம், கொப்பியோடு ஒத்துப் பார்க்கத்தான் வேண்டும். என் வாப்பா நாற்பது வருடம் கடலில் இருந்தவர், ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

எண்ணுவதற்கு: உரை.கவுண்ட்("போகவில்லை") என்று கொடுத்தால் போதும்.

உவர்மலை ஆசிரியர் எழுதியது:

தம்பி சொன்னது முழுவதும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பைதான் 3.15இலிருந்து யூடிஎஃப்-8ஐத்தான் இயல்பாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் விண்டோஸ் 7இல் 3.8க்கு மேல் நிறுவ முடியாது. ஆகவே என்கோடிங் எழுதும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். நோட்பேடில் சேமிக்கும்போதும் ஆன்சி என்ற தெரிவு வேண்டாம், தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

திருக்கடலூர் மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மஞ்சள் பெட்டி விரிந்தது. மூன்று மாதத்தில் "போகவில்லை" 38.

நேற்று இரவு ஐடிலில் எழுத்தின் அளவை 20 ஆக்கி, அம்மாவைக் கதிரையில் இருத்தி வரி வரியாகக் காட்டினேன். அம்மா கொப்பியைத் தொடுவதே இல்லை. திரையில் வந்ததும் உரத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். பங்குனி 6இல் நிறுத்தினார். "தூண்டிலில் கீரி படுமா? கீரி வலையில் வருகிற மீன். அவர் கீளி என்றுதான் எழுதியிருப்பார், போய்ப் பார்" என்றார். கொப்பியை எடுத்தேன். கீளிதான். ளகரத்தின் சுழி மங்கிப்போனதால் நான் ரகரமாக வாசித்திருக்கிறேன்.

நோட்பேடில் திருத்திச் சேமித்துவிட்டுத் திரும்ப பிரிண்ட் கொடுத்தேன். கீரிதான் வந்தது. சேமிக்கவில்லையோ என்று பார்த்தேன், சேமித்திருந்தது. பிறகுதான் ஆசிரியர் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது: "உரை" என்ற பெயரில் இருப்பது நான் முன்பு வாசித்து வைத்த பழைய பிரதி. ஓபனிலிருந்து மீண்டும் தொடங்கி, ரீட் கொடுத்து, பிரிண்ட் செய்தேன். அம்மா எழும்பிப் போகாமல் காத்துக்கொண்டிருந்தார்.

6. கொண்டல். தூண்டில். கீளி 2 கிலோ. வீட்டுக்கு.